பினாங்கின் பத்து ஃபெரிங்கி கடற்கரை விடுதிகளில் இசை வாசித்த தோட்டத்து இளைஞர்கள்: அந்த இரவுகளை அறிந்தவர்கள் இருக்கிறீர்களா?

கிரியான்கரை (நிபோங் திபால்) கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். நான் நிபோங் திபாலில் பிறந்து வளர்ந்தவன். முன்பு ரப்பர்க் காடாக இருந்து இன்று முழுவதும் செம்பனையாகிவிட்ட ஒரு தோட்டத்தின் எல்லையில்தான் இப்போதும் எங்கள் வீடு இருக்கிறது. சென்ற மாதம் என் பெரியப்பா காலமானார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு அவருடைய அறையை ஒழுங்குபடுத்தியபோது, துணி அலமாரிக்கு மேலே பழைய போர்வையில் சுற்றி வைத்திருந்த ஒரு கித்தார் பெட்டி கிடைத்தது. உள்ளே கித்தார் இல்லை. துருப்பிடித்த நான்கு தடித்த கம்பிகள் வளையமாகச் சுற்றிக் கிடந்தன. அவற்றோடு ஒரு நிழற்படமும், நீல அட்டை போட்ட ஒரு பள்ளிக்கூட நோட்டுப்புத்தகமும் இருந்தன.

நிழற்படத்தில் ஐந்து இளைஞர்கள் ஒரு மேடையில் நிற்கிறார்கள். மார்பில் மடிப்பு மடிப்பாகத் தைத்த சட்டை, கணுக்காலில் அகன்று விரியும் காற்சட்டை. பின்னால் சவுக்கு மரங்களும் அவற்றுக்கிடையே கட்டிய வண்ண விளக்குகளும் தெரிகின்றன. இடது ஓரத்தில், மற்றவர்களைவிட ஒரு தலை உயரமாக, பாஸ் கித்தாரைப் பிடித்தபடி நிற்பவர் என் பெரியப்பா. படத்தின் பின்புறம் அவருடைய கையெழுத்தில் “பத்து ஃபெரிங்கி, 1976” என்று இருக்கிறது. நான் அறிந்த பெரியப்பா ஓய்வு பெறும் வரை பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரப்பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர். கோயில் திருவிழாவில்கூட முன்வரிசையில் உட்காராத கூச்ச சுபாவி.

என்னை மிகவும் உலுக்கியது அந்த நோட்டுப்புத்தகம். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் அவர். ஆகவே ஆங்கிலப் பாடல்கள் அனைத்தையும் தமிழ் எழுத்திலேயே எழுதி வைத்திருக்கிறார். தமிழில் இல்லாத ஒலிகளுக்குத் தாமே குறிகளை வகுத்துக்கொண்டிருக்கிறார்: கீழுதட்டைப் பல்லில் வைத்துச் சொல்ல வேண்டிய ஒலிக்கு ஆய்தம், வண்டு ரீங்காரம் போல வரும் ஒலிக்கு ஸகரத்தின் கீழே இரட்டைக் கோடு, மூச்சு வாங்க வேண்டிய இடத்தில் சிவப்பு மையில் ஒரு சிறு புள்ளி. வரிகளுக்கு மேலே ‘டி மைனர்’, ‘ஜி’, ‘ஏ செவன்’ என்று சுருதிக் குறிப்புகள். பக்கம் பக்கமாக ஏறத்தாழ எண்பது பாடல்கள் இருக்கின்றன.

வீட்டில் இதைப் பற்றி யாரும் பேசியதில்லை. “கூத்தாடப் போனவன்” என்று பாட்டி ஒரு காலத்தில் வருத்தப்பட்டார் என்பது மட்டுமே அப்பாவுக்கு நினைவிருக்கிறது. பினாங்குத் தீவின் வட கரையில் இருந்த விடுதிகளின் இரவு வாழ்க்கையைப் பற்றிச் சுற்றுலாப் பயணிகள் எழுதிய ஏக்கக் குறிப்புகளைப் படித்திருக்கிறேன். மேடையில் நின்று வாசித்தவர்களைப் பற்றித் தமிழில் ஒரு வரியும் என் கண்ணில் படவில்லை. அந்த இரவுகள் எப்படி இருந்தன? தோட்டத்தில் மரம் வெட்டிய ஒருவர் கடற்கரை விடுதியின் மேடைக்கு எந்த வழியாகப் போய்ச் சேர்ந்தார்? அது எப்போது, எதனால் நின்றது? அறிந்தவர்கள் எழுதினால் என்றும் நன்றியுடையவனாக இருப்பேன்.

நாலுகம்பி (சுங்கை பட்டாணி) எழுதுகிறார்:

தம்பி, உங்கள் பெரியப்பாவின் மறைவுக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள். அந்தக் கம்பிகளை வீசிவிடாதீர்கள். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். 1974 முதல் 1983 வரை நானும் பத்து ஃபெரிங்கியில் பாஸ் கித்தார் வாசித்தவன். பகலில் சுங்கை பட்டாணிக்கு அருகே ஒரு தோட்டத்தில் மரம் வெட்டினேன்.

முதலில் வழியைச் சொல்கிறேன். 1961இல் கிளிஃப் ரிச்சர்டும் ஷாடோஸ் குழுவினரும் சிங்கப்பூருக்கு வந்து வாசித்த காலத்தையொட்டி நாடெங்கும் கித்தார்க் குழுக்கள் முளைத்தன. மலாய் இளைஞர்கள் அந்த இசையைப் ‘பாப் யே யே’ என்றும், அத்தகைய குழுவைக் ‘குகிரான்’ என்றும் அழைத்தார்கள். தோட்டங்களுக்கு அந்த அலை சற்றுத் தாமதமாக, வேறு வடிவில் வந்து சேர்ந்தது. எங்களுக்கு மேடை என்றால் கோயில் திருவிழா, மணிமன்றம் என்ற தமிழ் இளைஞர் மன்றத்தின் ஆண்டு விழா, கல்யாணப் பந்தல் ஆகியவைதான். ஆர்மோனியமும் தபேலாவும் இருந்த இடத்தில் முதலில் ஒரு கித்தார் வந்தது. அடுத்து ட்ரம்ஸ் வந்தது. பிறகு யாரோ ஒருவர் சீட்டுப் பணம் எடுத்து மின்சார ஆர்கன் வாங்கினார். எங்கள் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இரவு 10 மணிக்கு ஜெனரேட்டரை நிறுத்திவிடுவார்கள் என்பதால், பயிற்சி எவ்வளவு நன்றாகப் போய்க்கொண்டிருந்தாலும் பாட்டின் நடுவிலேயே கித்தார் ஊமையாகிவிடும். அதன் பிறகு இருட்டில் உட்கார்ந்து, ஒலியில்லாத கம்பிகளில் விரலை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருப்போம். கையைப் பார்க்காமல் வாசிக்கும் பழக்கம் எனக்கு அப்படித்தான் வந்தது.

பத்து ஃபெரிங்கியில் லோன் பைன் விடுதி 1948இலேயே இருந்தது. இருந்தாலும் பெரிய அளவில் இரவு வாழ்க்கை அங்கே வந்தது 1973இல் ராசா சாயாங் விடுதி திறக்கப்பட்டதையொட்டித்தான். அதற்கடுத்த சில ஆண்டுகளில் ஒன்றன்பின் ஒன்றாக விடுதிகள் எழுந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு குழு தேவைப்பட்டது. பினாங்கில் பழைய நடன இசைக் கலைஞர்கள் இருந்தார்கள், பிலிப்பீன்ஸிலிருந்து வந்த தேர்ந்த குழுக்களும் இருந்தன. ஆனால் வாரத்தின் எல்லா இரவுகளுக்கும் எல்லா விடுதிகளுக்கும் அவர்கள் போதவில்லை. அந்த இடைவெளியில்தான் தீவுக்கு எதிரே உள்ள பெருநிலத்துப் பையன்களாகிய நாங்கள் நுழைந்தோம். அப்போது எங்களுக்குக் கண்கண்ட முன்னுதாரணம் அல்லிகேட்ஸ் குழு. டேவிட், லோகநாதன் என்ற ஆறுமுகம் சகோதரர்கள் பினாங்கில் தொடங்கிய குழு அது. ஹாங்காங் வரை சென்று வாசித்துப் பெயர் வாங்கினார்கள். பிறகு மலாய்ப் பாடல்களால் நாடு முழுவதையும் வசப்படுத்தினார்கள். எங்களைப் போன்ற பெயரும் நிறமும் கொண்டவர்கள் அந்த உயரத்துக்குப் போக முடியும் என்பதை அவர்கள் வாய்ச்சொல்லால் அல்ல, வாழ்ந்தே காட்டினார்கள். 2007இல் லோகநாதன் மறைந்த செய்தியைக் கேட்ட அன்று நான் வேலைக்குப் போகவில்லை.

ஓர் இரவு எப்படி இருக்கும் என்று கேட்டீர்கள். பிற்பகலில் பட்டர்வொர்த் படகுத்துறைக்கருகே மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, கித்தாரைத் தோளில் போட்டுக்கொண்டு படகேறுவோம். தஞ்சோங் (ஜார்ஜ்டவுன் நகரம்) பக்கம் இறங்கி, அங்கிருந்து நீலப் பேருந்து. தஞ்சோங் பூங்கா என்ற ஊரைக் கடந்ததும் சாலை மலைக்கும் கடலுக்கும் இடையே வளைந்து வளைந்து போகும். ஒவ்வொரு திருப்பத்திலும் கித்தார் பெட்டி யாராவது ஒருவர் முழங்காலில் இடிக்கும். விடுதியின் புல்வெளி மேடையில் மாலை வெயில் இருக்கும்போதே ஒலிபெருக்கிகளை அடுக்கி முடிக்க வேண்டும். 45 நிமிட வாசிப்பு, கால் மணி ஓய்வு, மறுபடியும் 45 நிமிடம் என்று இரவு நகரும். முதல் சுற்று சாப்பாட்டு நேரம் என்பதால், கரண்டிச் சத்தத்தைவிட மெதுவாக வாசிக்க வேண்டும். இரண்டாம் சுற்றில் சிலர் எழுந்து ஆடுவார்கள். கடலிலிருந்து காற்று திரும்பும் நேரம் அது. சவுக்கு மரங்கள் இரைய ஆரம்பித்துவிட்டால், பாடகர் ஒலிவாங்கியைக் கையால் மூடிக்கொண்டு பாடுவார்.

வெறும் உல்லாசப் பயணிகள் மட்டும் கேட்டார்கள் என்று எண்ண வேண்டாம். பட்டர்வொர்த் விமானத்தளத்தில் 1955 முதல் ஆஸ்திரேலிய விமானப்படை இருந்தது. அவர்களுடைய குடும்பங்கள் பல தீவிலேயே குடியிருந்தன. வாரக் கடைசியில் மேடைக்கு முன் நிறைந்திருந்த முகங்களில் பாதி அவர்கள். எந்தப் பாட்டில் நாங்கள் தடுமாறுவோம் என்பது வரை தெரிந்து வைத்திருந்தார்கள். சரியாக வாசித்துவிட்டால் மேசையைத் தட்டுவார்கள்.

இனி அந்தக் கம்பிகள். கடற்காற்றில் பாஸ் கம்பி இரண்டே வாரத்தில் மழுங்கி, ஓசை ஈரத் துணியில் அடித்தது போல் ஆகிவிடும். புதிய கம்பி வாங்க எங்களுக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே நான்கையும் கழற்றி, பானையில் தண்ணீர் கொதிக்க வைத்து, ஒரு கரண்டி காடி ஊற்றி, பத்து நிமிடம் வேகவிடுவோம். விரல் எண்ணெயும் உப்பும் மரப்பால் கறையும் பழுப்பு நுரையாக மேலே வரும். துடைத்து வெயிலில் உலர்த்தி மாட்டினால், மூன்று நான்கு இரவுகளுக்கு மணி போல ஒலிக்கும். அப்படிக் கழற்றி மாட்டிய கம்பியின் முனையில், முறுக்காணியைச் சுற்றிய மடிப்பு ஒன்றன்மேல் ஒன்றாகப் பல இருக்கும். உங்கள் பெரியப்பாவின் கம்பிகளை விளக்கருகே பிடித்துப் பாருங்கள்.

இரவு முடிந்து பேருந்து கிடையாது. விடுதி வேனில் படகுத்துறைக்கு வந்து, இருட்டில் கடலைக் கடந்து, பட்டர்வொர்த்தில் மோட்டாரை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போகும்போது ஐந்தரை மணிப் பெரட்டுக்கு (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்புக்கு) சங்கு ஊத ஒரு மணி நேரம்கூட இருக்காது. காலைக் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக ஓடும் என்பதால் மரம் யாருக்காகவும் காத்திராது. சட்டையை மாற்றிக்கொண்டு நேரே என் மர வரிசையான நிரைக்குப் போய்விடுவேன். முதல் இருபது மரங்கள் வரை காதில் ட்ரம்ஸ் கேட்டுக்கொண்டே இருக்கும்.

செம்பருத்தி (சுங்கை பாக்காப்) எழுதுகிறார்:

நாலுகம்பி அண்ணன் எழுதியதைக் கண்ணீரோடு படித்தேன். அவர் எழுதியவை அனைத்தும் மேடையின் மேலிருந்து பார்த்தவை. நான் அதே கடற்கரையில் ஒரு விடுதியின் சலவைப் பிரிவில் 1975 முதல் ஒன்பது ஆண்டுகள் வேலை செய்தவள். தோட்டத்தில் வெளிக்காட்டு வேலையை விட்டு வந்த நாங்கள் நான்கு பெண்கள், விடுதியின் பின்புறம் ஊழியர் குடியிருப்பில் ஒரே அறையில் தங்கியிருந்தோம். அந்த இரவுகளின் இசையை நாங்கள் ஒருநாளும் பார்த்ததில்லை; கேட்க மட்டுமே செய்தோம். ஊழியர்கள் புல்வெளிப் பக்கம் வரக்கூடாது என்பது விதி. குழுவில் வாசித்தவர்களும் பின்வாசல் வழியாகத்தான் உள்ளே வந்தார்கள். விருந்தினர் சாப்பிட்ட மண்டபத்தில் அவர்கள் உட்கார்ந்து ஒரு குவளை தேநீர் குடித்ததை நான் கண்டதில்லை. இதையும் சேர்த்துத்தான் நினைவுகூர வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். அந்த இரவுகளின் அழகைக் குறைப்பது என் நோக்கமன்று.

சலவை அறையின் சன்னல் கடலைப் பார்த்து இல்லை. சமையற்கட்டின் முற்றத்தைப் பார்த்து இருந்தது. சுவரைத் தாண்டி வரும்போது பாட்டும் கித்தாரும் பாதியிலேயே கரைந்துவிடும். ஆனால் பாஸ் ஓசை மட்டும் தரை வழியாக வந்து காலில் ஏறும். நனைந்த மேசை விரிப்புகளை உதறும்போது அந்தத் தாளத்துக்கு எங்கள் கை தானாக இணங்கிவிடும். நான்கு பேரும் ஒரே நேரத்தில் உதறுவோம். மேற்பார்வையாளர் அம்மா அதைப் பார்த்துச் சிரிப்பார். எந்தச் சுற்று நடக்கிறது என்பதை வந்து சேரும் துணியைப் பார்த்தே சொல்லிவிடுவோம். குழம்புக் கறை பட்ட விரிப்புகள் வந்தால் முதல் சுற்று முடிந்தது. மணல் ஒட்டிய துவாலைகள் வந்தால் ஆட்டம் கலைந்து கூட்டம் கடற்கரைக்கு இறங்கிவிட்டது.

தம்பி, உங்கள் பாட்டி வருத்தப்பட்டதாக எழுதியிருந்தீர்கள். என் அம்மாவும் அப்படித்தான் வருத்தப்பட்டார். விடுதி வேலைக்குப் போன பெண் என்றால் தோட்டத்தில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். அதே ஆட்கள், நான் மாதா மாதம் அனுப்பிய பணத்தில் தம்பி இடைநிலைப்பள்ளிக்குப் போனபோது பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

ஒலிப்பெட்டி (புக்கிட் மெர்தாஜாம்) எழுதுகிறார்:

நான் இசைக் கலைஞன் அல்லன். ஒலிபெருக்கிகளும் ஆம்பிளிஃபையர்களும் பழுதுபார்த்துப் பிழைத்தவன். ஆகவே ‘எதனால் நின்றது’ என்ற கேள்விக்கு என் பணிமேசையிலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

பலர் இதை டிஸ்கோ வந்ததால் நேர்ந்தது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். அது முழு உண்மையன்று. டிஸ்கோ வந்த பிறகும் விடுதிகளில் குழுக்கள் இருந்தன. மாறியது குழுவின் அளவு. 1970களின் நடுவில் என்னிடம் பழுதுபார்க்க வந்த குழுக்களில் ஐந்து அல்லது ஆறு பேர் இருந்தார்கள். 1983இல் மின்னணு இசைக்கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் மிடி முறை வந்தது. அதே ஆண்டில் யமஹாவின் டிஎக்ஸ்7 விசைப்பலகையும் வந்தது. அவற்றைத் தொடர்ந்து வந்த கருவிகள் ட்ரம்ஸ் ஓசையையும் பாஸ் ஓசையையும் தாமே தந்தன. முதலில் ட்ரம்ஸ் வாசிப்பவருக்கு வேலை போனது. அடுத்து பாஸ் வாசிப்பவருக்கு. 1980களின் கடைசியில் ஒரு விசைப்பலகை, ஒரு பாடகி என்ற அளவுக்குச் சுருங்கியது. அதன் பிறகு பாடகர் குரல் இல்லாத மைனஸ் ஒன் ஒலிநாடா வந்தது, கராவோக்கே வந்தது, விருந்தினரே பாடிக்கொள்ளத் தொடங்கினார்கள். கருவி மட்டும் காரணமில்லை. 1985, 1986 ஆண்டுகளின் பொருளாதார மந்தத்தில் விடுதிகள் செலவைக் குறைக்க இடம் தேடியபோது, முதலில் கண்ணில் பட்டது மேடைதான். நாலுகம்பி ஐயா குறிப்பிட்ட ஆஸ்திரேலியர்களும் படிப்படியாகக் கிளம்பினார்கள். 1988இல் தளம் முழுவதும் நம் விமானப்படையிடம் வந்தது. மேசையைத் தட்டிக் கேட்ட கூட்டம் போய்விட்டது. ஒரு வாரம் தங்கிப் போகிறவர்கள் மட்டுமே மிஞ்சினார்கள்.

என் மனத்தை இன்றும் அறுப்பது ஒன்று. பினாங்குப் பாலம் 1985 செப்டம்பரில் திறக்கப்பட்டது. 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாலத்தில் நள்ளிரவிலும் வண்டியோட்டி வந்து, ஒரு மணி நேரத்தில் பெருநிலத்து வீட்டில் படுத்துறங்கியிருக்கலாம். படகுத்துறையில் காத்திருந்தே இளமையைக் கழித்த பையன்களுக்கு அந்த வசதி கிடைத்தபோது, வாசிப்பதற்கு மேடை இல்லை.

தொடக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். தோட்டத்து இளைஞர்கள் விடுதிக்குப் போனது ஆசையால் மட்டும் நேர்ந்ததன்று. பினாங்கு தன் சுங்கவரியற்ற துறைமுகத் தகுதியை 1969இல் இழந்தது. வேலையின்மை தலைக்கு மேல் போனது. அதற்கு மாற்றாக 1972இல் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையும், வட கரையில் சுற்றுலாவும் வளர்க்கப்பட்டன. அதே வேளையில் 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால், குடியுரிமை இல்லாததால் சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த நம்மவர்கள் வேலை அனுமதி இல்லாமல் எங்கும் சேர முடியாத நிலை இருந்தது. குழுவில் ஒருவருக்குக் குடிமக்களுக்கான நீல அட்டை இருக்கும், இன்னொருவருக்குச் சிவப்பு அட்டை இருக்கும். விடுதியின் சம்பளப் பட்டியலில் நீல அட்டைக்காரர் பெயர் மட்டும் ஏறும். மற்றவர் அவரிடமிருந்து கையில் வாங்கிக்கொள்வார். நிழற்படத்தில் ஐந்து பேர் இருந்தும் பழைய தாள்களில் இரண்டு பெயர்கள் மட்டும் கிடைத்தால், கிரியான்கரை அவர்கள் வியப்படைய வேண்டாம்.

2004இல் தொடங்கிய பினாங்குத் தீவு ஜாஸ் விழா பத்து ஃபெரிங்கியில் ஒரு விடுதிப் புல்வெளியில் நடந்தபோது போயிருந்தேன். பல ஆண்டுகளுக்குப் பிறகு அந்தக் காற்றில் உண்மையான ட்ரம்ஸ் ஓசையைக் கேட்டேன். என் பக்கத்தில் நின்றிருந்த முதியவர் ஒருவர், இரண்டு கைவிரல்களாலும் தம் தொடையில் பாஸ் வாசித்துக்கொண்டிருந்தார். யார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

கிரியான்கரை எழுதுகிறார்:

மூவருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. நாலுகம்பி ஐயா சொன்னபடி கம்பிகளை விளக்கருகே பிடித்துப் பார்த்தேன். ஒவ்வொன்றின் முனையிலும் மடிப்புக்கு மேல் மடிப்பாக நான்கைந்து தடங்கள் இருக்கின்றன. ஒரு கம்பியில் அந்த இடம் ஏறத்தாழ அறுந்தேவிட்டது. அப்பாவிடம் காட்டினேன். “அண்ணன் ஏதோ கம்பியைப் பானையில் போட்டு வேகவைத்தார் என்று அம்மா சத்தம் போட்டது நினைவிருக்கிறது, பாம்பைச் சமைக்கிறான் என்று நான் பயந்து ஓடினேன்” என்றார். ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு அவருக்கு அந்தக் காட்சியின் பொருள் விளங்கியது.

ஒன்று மட்டும் இன்னும் பிடிபடவில்லை. நோட்டுப்புத்தகத்தின் நடுவில் பாடல் பட்டியல்கள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றின் தலைப்பில் ‘முதல் சுற்று’, ‘இரண்டாம் சுற்று’ என்று எழுதியிருக்கிறார். ஆனால் ஆறேழு பக்கங்களில் ‘மழை’ என்ற ஒரே சொல் தலைப்பாக இருக்கிறது. அந்தப் பக்கங்களில் மட்டும் எல்லாமே தமிழ்த் திரைப்பாடல்கள். மழையைப் பற்றிய பாடல்களாக இருக்குமோ என்று ஒவ்வொன்றாகத் தேடிக் கேட்டுப் பார்த்தேன். ஒன்றில்கூட மழை வரவில்லை. சுருதிக் குறிப்புகளும் இல்லை. மூச்சுப் புள்ளிகளும் இல்லை. இது என்னவாக இருக்கும்?

நாலுகம்பி எழுதுகிறார்:

தம்பி, இதைப் படித்தவுடன் என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். நாங்களும் அதை ‘மழைச் சுற்று’ என்றுதான் சொல்வோம்.

மரப்பட்டை நனைந்திருந்தால் பால் வெட்ட முடியாது. வெட்டுத் தடத்தில் ஓட வேண்டிய பால், ஈரப் பட்டையில் பரவி வழிந்து வீணாகிவிடும். ஆகவே நள்ளிரவில் நல்ல மழை பிடித்துக்கொண்டால் மறுநாள் காலையில் வெட்டு இல்லை என்று பொருள். கூலி கிடையாது, ஆனால் பெரட்டுக்கு ஓட வேண்டியதும் கிடையாது. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் வட கரையில் அப்படிப் பல இரவுகள் வாய்க்கும். புல்வெளியில் முதல் துளி விழுந்ததும் ஒலிபெருக்கிகளைத் தார்ப்பாயால் மூடிவிட்டு, கித்தார்களை மட்டும் மார்போடு அணைத்துக்கொண்டு சமையற்கட்டின் பின்தாழ்வாரத்துக்கு ஓடுவோம். விருந்தினர்கள் அறைகளுக்குப் போய்விடுவார்கள். சமையற்காரர்கள் அடுப்பை அணைத்திருப்பார்கள். பெருநிலத்துக்குத் திரும்பும் அவசரம் எங்களில் ஒருவருக்கும் இருக்காது.

அங்கே மின்சாரம் இழுக்க வழியில்லை. சாதாரணக் கித்தார் ஒன்று, கவிழ்த்துப் போட்ட எண்ணெய்த் தகரம் ஒன்று, பாடத் தெரிந்தவர்கள் அனைவருடைய தொண்டையும். ஆங்கிலப் பாட்டை எழுத்துக் கூட்டிப் பாடியவர்களுக்குத் தமிழ்ப் பாட்டுக்குக் குறிப்பு எதற்கு? மூச்சுப் புள்ளி எதற்கு? பாட்டின் பெயர் மட்டும் போதும். அதுவும் சென்ற மழைக்குப் பாடியதையே இந்த மழைக்கும் பாடிவிடக் கூடாது என்பதற்காக எழுதி வைத்தது. உங்கள் பெரியப்பாவும் அதற்காகவே எழுதியிருப்பார். எங்கள் குழுவிலும் ஒருவர் அப்படி எழுதி வைத்திருந்தார். அவருடைய நோட்டுப்புத்தகம் பிள்ளைகள் வீடு மாற்றியபோது காணாமல் போய்விட்டது. முடிந்தால் அந்த ஆறேழு பக்கங்களை நிழற்படமெடுத்து இங்கே போடுங்கள். பாட்டின் பெயர்களைப் பார்த்தால் போதும். எந்த ஆண்டு மழை என்று நான் சொல்லிவிடுவேன்.

செம்பருத்தி எழுதுகிறார்:

அண்ணன் சொன்ன அந்தத் தாழ்வாரம்தான் எங்கள் சன்னலுக்கு எதிரே இருந்த முற்றத்தின் மறுபக்கம். எங்கள் விடுதியிலும் மழை இரவுகளில் அப்படி நடந்தது. மின்விசிறியை நிறுத்திவிட்டு, துவைத்த விரிப்புகளை மடியில் வைத்து மடித்தபடி, சன்னலோரம் வரிசையாக உட்கார்ந்துவிடுவோம். எங்களில் தைப்பிங்கிலிருந்து வந்த ஒரு பெண் மிகவும் கூச்சப்படுவாள். ஆனால் ஒருநாள் பாடகருக்கு இரண்டாவது சரணம் மறந்துபோனபோது, சன்னலுக்கு உள்ளிருந்தே அவள் எடுத்துக் கொடுத்தாள். அந்தப் பக்கம் ஒரு கணம் தகரத்தில் தாளம் நின்றது. பிறகு அவள் விட்ட இடத்திலிருந்து பல்லவியை அவர்கள் எல்லாரும் சேர்ந்து எடுத்தார்கள்.

தம்பி, அந்தப் பக்கங்களைப் போடும்போது எனக்கும் தெரிவியுங்கள். அவள் இப்போது சிம்பாங் அம்பாட்டில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறாள். நான் நேரில் கொண்டுபோய்க் காட்டுகிறேன்.